பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வேர்டு

மூணாவது மாடி அண்ணி: (ஃபார்வேர்டு) பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம ஏரியாவுல சுத்துதாம். எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க 🙏

வக்கீல் அண்ணன்: அண்ணி, தயவுசெஞ்சு டெலீட் பண்ணிடுங்க. 2018ல இந்த மாதிரி மெசேஜை நம்பித்தான் போளூர் பக்கம் சாமி கும்பிடப் போன ஒரு வயசான அம்மாவை அடிச்சே கொன்னாங்க. அந்த அம்மா பிள்ளைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

டீச்சர் அக்கா: பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துக்கிறவங்க பெரும்பாலும் தெரிஞ்சவங்கதான். சொந்தம், பக்கத்து வீடு, டியூஷன், வேன். "தெரியாதவங்ககிட்ட பேசாதே"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னு யார் சொன்னாலும் அன்னைக்கே வந்து சொல்லணும்னு பழக்குங்க. உடம்புல எல்லா உறுப்புக்கும் சரியான பேர் தெரியணும். செல்லப் பேர் வெச்சா பிள்ளை சொல்றது அடுத்தவங்களுக்குப் புரியாது. மாமாவுக்கு முத்தம் கொடுன்னு கட்டாயப்படுத்தவும் வேணாம்.

எதிர்வீட்டு அம்மா: பையனுக்குமா டீச்சர்?

டீச்சர் அக்கா: கண்டிப்பா. பிள்ளைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டத்துல 18 வயசு முடியாத எல்லாரும் குழந்தைதான், பையனும்தான்.

செயலாளர்: சரி, பிள்ளை வந்து சொல்லிடுச்சு. அப்போ என்ன பண்றது?

டீச்சர் அக்கா: நம்புங்க. "நீ ஏன் அங்க போன?"ன்னு கேட்டீங்கன்னா வாயை மூடிக்கும். "அப்புறம்?"னு மட்டும் கேட்டா போதும். "அவர்தானே தொட்டார்?"னு நீங்களே எடுத்துக் கொடுத்தா, நாளைக்கு கோர்ட்ல சொல்லிக்கொடுத்த சாட்சின்னு வாதாடுவாங்க. பிள்ளை சொன்ன அதே வார்த்தையில, தேதி நேரம் போட்டு எழுதி வைங்க. அத்தை, பாட்டின்னு ஒவ்வொருத்தர் முன்னாடியும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க.

வக்கீல் அண்ணன்: குளிப்பாட்டாதீங்க, துணியைத் துவைக்காதீங்க. பேப்பர் கவர்ல போடுங்க. பிளாஸ்டிக்ல ஈரம் தங்கி தடயம் கெட்டுடும். எஃப்ஐஆர் போடலைன்னாலும் டாக்டர் பரிசோதிக்கலாம், பெண் குழந்தைன்னா பெண் டாக்டர்தான். தனியார் ஆஸ்பத்திரியும் காசு வாங்காம சிகிச்சை கொடுக்கணும். அப்புறம் குழந்தைகள் உதவி எண் 1098, இல்லைன்னா மகளிர் காவல் நிலையத்துல சொல்லுங்க. பிள்ளையோட வாக்குமூலத்தை போலீஸ் வீட்டுக்கே வந்து வாங்கலாம், யூனிஃபார்ம் போடாம. ராத்திரியில பிள்ளையை ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது.

செயலாளர்: சந்தேகம்தான் இருக்கு, ஆதாரம் இல்லைன்னா?

வக்கீல் அண்ணன்: சந்தேகம் போதும், நிரூபிக்கிறது நம்ம வேலை இல்லை. நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல வழக்கு வராது. தெரிஞ்சும் சொல்லாம இருந்தாத்தான் 6 மாசம் வரை ஜெயில். குடும்ப மானம்னு மூடி வைக்கிறவங்களுக்கும் அதேதான்.
இன்னொண்ணு. பிள்ளை பேர், போட்டோ, ஸ்கூல், எந்த வீடு, எதுவும் இந்த குரூப்ல வரவே கூடாது. அது தனிக் குற்றம்.

மூணாவது மாடி அண்ணி: டெலீட் பண்ணிட்டேன். அனுப்பின ரெண்டு குரூப்லயும் தப்பான செய்தின்னு போட்டுட்டேன்.

செயலாளர்: 1098ஐ லிஃப்ட் பக்கத்துல ஒட்டிடறேன்.

டீச்சர் அக்கா: நம்ம உயரத்துல ஒட்டாதீங்க சார். மூணாங்கிளாஸ் பிள்ளை நின்னு படிக்கிற உயரத்துல, பெரிய எழுத்துல.