தம்பிக்கு யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கணிதம் கிடைச்சிருக்கு. கடன் எடுத்துப் படிக்க வைக்கலாமா?

ஆயர்ஈத்தாம்_அக்கா:
தம்பி எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடிச்சிட்டான். யூஎஸ்எம்மில் கணிதம் கிடைச்சிருக்கு. பிடிபிடிஎன், அதான் அரசாங்கக் கல்விக் கடன், எடுத்தாதான் போக முடியும். நாலு வருசத்துக்கு 24,000 வெள்ளி (ரிங்கிட்) எடுக்க வேண்டி வரும்னு வீட்டில் கணக்குப் போட்டிருக்கோம். அப்பா பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுறார். "கணக்கு படிச்சு என்ன வேலைக்குப் போவான்?"னு அவருக்கு ஒரே கேள்வி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை ஆப்பரேட்டர் வேலைக்கு நேர்காணலுக்கும் கூப்பிட்டிருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

செந்தூல்_கடன்காரன்:
வேணாம்னுதான் சொல்வேன் அக்கா. நானும் கணிதம்தான், கோலாலம்பூரில் படிச்சேன். முடிச்சுட்டு 14 மாசம் தியூசன் சென்டரில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். மணிக்கணக்குக்குச் சம்பளம், பள்ளி விடுமுறை வந்தா அதுவும் இல்ல. அரசாங்கப் பள்ளியில் நிரந்தர ஆசிரியர் ஆகணும்னா கல்வியியல் தகுதி தனியா வேணும். சேரும்போது அதை யாரும் சொல்றதில்ல.

கணக்கைப் பாருங்க. குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து 1,700. நாலு வருசத்துக்கு 81,600. படிக்கிற காலத்தில் கையை விட்டுப் போற காசு அது. பட்டம் வாங்கிட்டு வந்து, நேரா வேலைக்குப் போன கூட்டாளியைவிட மாசம் 600 கூட வாங்குறான்னு வைங்க. மாசா மாசம் லோன் தவணை 220 போக 380. வகுத்துப் பாருங்க, 18 வருசம் ஆகும் அந்த 81,600-ஐ எடுக்க. அப்ப அவனுக்கு நாற்பது தாண்டிடும்.

மூன்று_சிக்மா:
தம்பி, கணிதம் படிச்சவன் இப்படி வகுக்கலாமா? லோன் பத்து வருசத்தில் முடிஞ்சிடும், அதுக்கப்புறம் 600 முழுசா கையில் நிக்கும். முதல் பத்து வருசத்தில் 45,600 வந்திடும். மிச்சம் 36,000-க்கு இன்னும் அஞ்சு வருசம். ஆக 15.

அது கிடக்கட்டும், அந்த 600 எங்கிருந்து வந்துச்சு? 1,500 வித்தியாசம்னு போட்டுப் பாரு, அஞ்சு வருசம் சொச்சத்தில் நேராயிடும். வித்தியாசம் எவ்வளவுங்கிறதுதான் இங்க ஆட்டிவைக்குது, கடன் இல்ல.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில்தான் இருக்கேன். தினமும் கண்ட்ரோல் சார்ட்டோடதான் மல்லுக்கட்டு. உற்பத்தி அளவுகளைப் புள்ளி புள்ளியா வச்சுக் கண்காணிக்கிற வரைபடம் அது. சராசரிக்கு மேலயும் கீழயும் மூணு சிக்மா தள்ளி ஒவ்வொரு கோடு. சிக்மான்னா அளவுகள் வழக்கமா எவ்வளவு சிதறுதுங்கிற கணக்கு. எல்லாம் ஒழுங்கா ஓடினாலும் 1,000 புள்ளியில் மூணு சும்மாவே தாண்டும், அதுக்கெல்லாம் லைனை நிறுத்தினா பொழப்பு நாறிடும். போன மாசம் ராத்திரி ஷிப்டில் ஏழு புள்ளி வரிசையா சராசரிக்கு மேலேயே நின்னுச்சு. ஒண்ணுகூடக் கோட்டைத் தொடல. "கோட்டுக்குள்ளதானே இருக்கு, பச்சைதானே, ஓட்டுங்க"ன்னார் சூப்பர்வைசர். நான் நிறுத்தச் சொன்னேன். கம்பி ஒட்டுற கருவியோட முனை தேய்ஞ்சு போயிருந்துச்சு. அந்தப் புள்ளிகளை வச்சது ஆப்பரேட்டர். அதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

செந்தூல்_கடன்காரன்:
15தான், அவசரத்தில் வகுத்திட்டேன். ஆனா அண்ணே, நீங்க பார்க்கிறது புள்ளியியல். நான் படிச்சது தூய கணிதம். எப்சிலான் டெல்டான்னு நிரூபணம் எழுதி எழுதியே கை ஓஞ்சது. நேர்காணலில் "பைத்தான் புரோகிராமிங் தெரியுமா, எக்செல் தெரியுமா"ன்னு கேட்டாங்க, ரெண்டும் அரைகுறை. கட்ட வேண்டிய மாசத் தவணை மட்டும் அரைகுறையா வரல.

பிரிக்பீல்ட்ஸ்_பாலா:
பிடிபிடிஎன்னுக்கு 1 விழுக்காடுதானே கேட்கிறாங்க, இலவசக் காசு மாதிரி. இதுக்கு ஏன்லா இவ்வளவு பயம்?

மூன்று_சிக்மா:
இலவசம் இல்ல பாலா. அந்த 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது நிர்வாகக் கட்டணம், எடுத்த முழுத் தொகைக்கும் போடுறது. 24,000-க்கு வருசம் 240, பத்து வருசத்தில் 2,400. பாதி கட்டி முடிச்ச பிறகும் அதே 240தான். குறைஞ்சுக்கிட்டே வர்ற பாக்கிக்குக் கணக்குப் போட்டா 1.9 விழுக்காடு பக்கம் வரும். அப்பவும் மலிவுதான், வங்கியில் சொந்தக் கடனுக்குப் போய்க் கேட்டுப் பாருங்க. ஆனா மாசத் தவணை சின்னதா இருக்கணும்னு 15 வருசத்துக்கு இழுத்தா 2,400, 3,600 ஆயிடும்.

முதல் வகுப்பில் தேறினா திருப்பிக் கட்டுறதிலிருந்து விலக்கு கேட்கலாம், நிபந்தனைகள் உண்டு. அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க அக்கா. தம்பியை முதல் வருசத்திலேயே புள்ளியியல் பாடமும் பைத்தானும் எடுக்கச் சொல்லுங்க. செந்தூல் தம்பி சொன்னதில் அது நூத்துக்கு நூறு சரி.

செந்தூல்_கடன்காரன்:
முதல் வகுப்பா? ரியல் அனாலிசிஸ் பாடம் வர்ற வரைக்கும் நானும் அந்தக் கனவில்தான் இருந்தேன்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
ராத்திரி சாப்பிடும்போது எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். தம்பி வேற எதையும் காதில் வாங்கல. "ஏழு புள்ளி தற்செயலா மேலேயே நிக்கிறதுக்கு 128-ல் ஒண்ணுதானே"ன்னான். அப்பா "15 வருசமா?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் சோத்தைப் பிசைய ஆரம்பிச்சிட்டார்.

செந்தூல்_கடன்காரன்:
அந்த நேர்காணலுக்கும் போகச் சொல்லுங்க அக்கா. பல்கலைக்கழகம் திறக்கிற வரைக்கும் அங்க நிக்கட்டும். ஈபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடு, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் பிடிச்சாலும் மாசம் 1,500 பக்கம் கையில் வரும். அந்த அளவுக்கு லோனைக் குறைச்சு எடுக்கலாம். அந்தச் சார்ட் எங்க தொங்குதுன்னும் பார்த்துட்டு வரட்டும்.