முதல் பாகத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் இரண்டாம் பாகத்துக்கு ஏன் கிடைக்கவில்லை? ஸ்பைடர்-வெர்ஸ் படங்கள் குறித்து ஒரு கேள்வி

வலைக்காரன் கேட்டது:

மைல்ஸ் மொராலெஸ் என்ற பையன் ஸ்பைடர்-மேனாகும் அனிமேஷன் வரிசையான ஸ்பைடர்-வெர்ஸ் படங்கள் இரண்டையும் சென்ற வாரம் அடுத்தடுத்த இரவுகளில் மறுபடியும் பார்த்தேன். அதிலிருந்து ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

2018 டிசம்பரில் வெளிவந்த ‘இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’, அந்த ஆண்டுக்கான கோல்டன் குளோப், பிரிட்டனின் பாஃப்டா, ஆஸ்கர் என மூன்று பெரிய மேடைகளிலும் சிறந்த அனிமேஷன் படமாகத் தேர்வானது. அனிமேஷன் துறைக்கென்றே வழங்கப்படும் ஆனி விருதுகளில் ஏழு பிரிவுகளில் பரிந்துரை பெற்று ஏழையும் வென்றது. அதனுடன் போட்டியிட்ட ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ உலகெங்கும் ஏறத்தாழ 124 கோடி டாலர் வசூலித்திருந்தது. நம் படத்தின் வசூலோ சுமார் 38 கோடி டாலர்தான். ஆகவே வசூல் விருதைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு.

2023 ஜூனில் வந்த ‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ சுமார் 69 கோடி டாலர் ஈட்டியது. ஆனி விருதுகளில் மீண்டும் ஏழு வென்றது. ஆனால் கோல்டன் குளோப், பாஃப்டா, ஆஸ்கர் மூன்றும் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘த பாய் அண்ட் த ஹெரான்’ படத்துக்குச் சென்றன. என் கண்ணுக்கு இரண்டாம் பாகமே ஓவியத்தில் செழிப்பானது. அப்படியிருக்க, முதல் பாகத்தில் விருதாளர்கள் எதைக் கண்டார்கள், இரண்டாம் பாகத்தில் எதைக் காணாமல் விட்டார்கள்? மியாசாகியின் பெயர் மட்டும்தான் காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்ளத் தயாராகவே இருக்கிறேன்.

மசிக்கறை எழுதியது:

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

2018 வரை அமெரிக்கப் பெருநிறுவனங்களின் கணினி அனிமேஷன் படங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன: மயிர்க்கால் தெரிய வேண்டும், தண்ணீர் தண்ணீரைப் போலவே இருக்க வேண்டும், ஒளி நிஜ ஒளியைப் போல விழ வேண்டும். பாப் பெர்சிகெட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மேன் ஆகிய மூன்று இயக்குநர்களும் அந்த ஓட்டத்திலிருந்து விலகி, அச்சிட்ட காமிக்ஸ் தாள் எப்படி இருக்குமோ அப்படியே திரை இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதனால்தான் நிழல்களில் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன, பாத்திரங்களின் முகத்தில் பேனாவால் இழுத்தது போன்ற கோடுகள் ஓடுகின்றன. தொலைவில் இருப்பதை மங்கலாக்குவதற்குப் பதிலாக நிறங்களை ஒன்றைவிட்டு ஒன்று சற்றே விலக்கி வைத்திருக்கிறார்கள். பழைய தீபாவளி மலர்களில் சிவப்பு ஒருபக்கமும் நீலம் ஒருபக்கமுமாக விலகி அச்சாகியிருக்கும் வண்ணப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். அச்சகத்தில் பிழை என்று எண்ணப்பட்டதை இவர்கள் அழகாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, அசைவு. வழக்கமாகக் கணினி அனிமேஷனில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) என்றால் 24 நிலைகளும் வேறுவேறாக இருக்கும், அவற்றுக்கு இடையே அசைவின் மங்கலும் சேர்க்கப்படும். இந்தப் படத்தில் அந்த மங்கலை எடுத்துவிட்டார்கள். பல இடங்களில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி வைத்தார்கள், அதாவது வினாடிக்கு 12 நிலைகள். ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய பிறகு வரும் காட்டுக் காட்சியை மறுபடியும் பாருங்கள். அனுபவசாலியான பீட்டர் பார்க்கர் 24 நிலைகளில் வழுக்கிக்கொண்டு போகிறான், வலை வீசவே தெரியாத மைல்ஸ் மொராலெஸ் 12 நிலைகளில் தட்டுத்தடுமாறிப் பின்தொடர்கிறான். பையன் தேறத்தேற அந்த வேறுபாடு மறைந்து இருவரின் அசைவும் இசைந்துவிடுகிறது. பார்வையாளருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பையன் தேறிவிட்டான் என்று உடம்புக்குத் தெரிகிறது. தொழில்நுட்பம் தனியாகவும் கதை தனியாகவும் நிற்காமல், தொழில்நுட்பமே கதையைச் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனி விருதுகளில் வாக்களிப்பவர்கள் இந்த வேலையையே செய்து பிழைப்பவர்கள். ஏழுக்கு ஏழு ஏன் கிடைத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பழைய பட ரசிகை எழுதியது:

மசிக்கறை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது ஆனி விருதுக்கு விளக்கமே தவிர ஆஸ்கருக்கு விளக்கமாகாது. இந்த இரண்டும் பலமுறை முரண்பட்டிருக்கின்றன. ஆனி விருதாளர்கள் ‘குங் ஃபூ பாண்டா’வைத் தேர்ந்தெடுத்த ஆண்டில் ஆஸ்கர் ‘வால்-ஈ’க்குப் போனது, ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ ஆனியில் வென்ற ஆண்டில் ‘டாய் ஸ்டோரி 3’க்கு ஆஸ்கர், ‘கிளாஸ்’ ஆனியையும் பாஃப்டாவையும் வென்றும் ‘டாய் ஸ்டோரி 4’ ஆஸ்கரை எடுத்துக்கொண்டது. ஆஸ்கரின் இறுதிச் சுற்றில் நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், தயாரிப்பாளர்கள் என எல்லாப் பிரிவினரும் வாக்களிக்கிறார்கள். பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்திருந்தால்தான் வாக்களிக்கலாம் என்ற விதியே 2025இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு, பார்க்காத படங்களின் நடுவே தெரிந்த பெயருக்கு ஒரு வாக்கு விழுந்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

2013 முதல் 2018 வரை நடந்த ஆறு ஆஸ்கர் விழாக்களிலும் இந்த விருது டிஸ்னிக்கோ பிக்ஸாருக்கோதான் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு ‘ராங்கோ’ வென்றதற்குப் பிறகு அந்த வரிசையை உடைத்த முதல் படம் ‘இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’. அந்த 2019 பிப்ரவரி இரவின் சூழலையும் மறக்கக் கூடாது. ‘பிளாக் பேந்தர்’ சிறந்த படத்துக்கான பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படமாகி, ஆடை வடிவமைப்பு, தயாரிப்பு வடிவமைப்பு, இசை என மூன்று விருதுகளை அள்ளிய இரவு அது. அதே மேடையில் பீட்டர் ராம்சே, அனிமேஷன் படப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின இயக்குநராக நின்றார். புரூக்ளினில் வளரும், கறுப்பினத் தந்தைக்கும் புவேர்ட்டோ ரிக்கோ வழித் தாய்க்கும் பிறந்த பையன் முகமூடி அணியும் கதை அந்த ஆண்டில் பலருக்கு வெறும் காமிக்ஸாகத் தோன்றியிருக்காது. போதாக்குறைக்கு, ஸ்பைடர்-மேனைப் படைத்த ஸ்டீவ் டிட்கோ, ஸ்டான் லீ இருவரும் மறைந்ததும் 2018இல்தான். படத்தின் முடிவில் இருவருக்கும் நினைவஞ்சலி உண்டு.

இதனால் படத்தின் தகுதி குறைகிறது என்று நான் சொல்லவில்லை. தகுதியுள்ள படங்கள் ஆண்டுதோறும் தோற்கின்றன. இதற்குக் காலமும் கைகொடுத்தது என்கிறேன்.

வலைக்காரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆனால் இரண்டாம் பாகத்தைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே? மைல்ஸின் தோழியும் வேறோர் உலகின் ஸ்பைடர் வீராங்கனையுமான குவெனின் உலகத்தில் அவள் மனநிலைக்கேற்பச் சுவர்களில் நீர்வண்ணம் வழிந்து மாறுகிறது; தந்தையும் மகளும் பேசும் அந்த அறைக் காட்சியை நான் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்த கற்பனை நகரமான மும்பாட்டனுக்குப் பழைய இந்தியக் காமிக்ஸ் வரிசையான இந்திரஜால் காமிக்ஸின் சாயலைக் கொடுத்திருக்கிறார்கள். மசிக்கறையின் வாதப்படி பார்த்தால் இதற்கு இரட்டிப்பு மதிப்பெண் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்?

அரங்கின் கடைசி வரிசை எழுதியது:

நண்பரே, அந்த இரட்டிப்பு மதிப்பெண்ணை ஆனி விருதாளர்கள் கொடுத்துவிட்டார்கள். மற்ற மேடைகளில் அது எடுபடாமல் போனதற்கு எனக்குத் தெரிவது இரண்டு காரணங்கள், அவற்றில் ஒன்று படத்துக்குள்ளேயே இருக்கிறது.

‘அக்ராஸ்’ 140 நிமிடம் ஓடிவிட்டு, மைல்ஸ் வேறோர் உலகத்தில் கட்டுண்டு கிடக்கும்போது முடிந்துவிடுகிறது. நான் அதை 2023இல் திரையரங்கில் தமிழ்க் குரலில் பார்த்தேன். ‘தொடரும்’ என்ற பொருளில் எழுத்து வந்தபோது அரங்கில் எழுந்த முனகல் இன்னும் காதில் இருக்கிறது. முதல் பாகம் அப்படியல்ல. கட்டடத்தின் உச்சியிலிருந்து மைல்ஸ் குதிக்கும்போது அவன் விரல்கள் விடாமல் பற்றியிருந்த கண்ணாடி உடைந்து கையோடு வருகிறது; கேமரா தலைகீழாக இருப்பதால் விழுகிறவன் மேலே எழுவதுபோல் தெரிகிறான். தயங்கிய பையன் துணிந்தான் என்ற கதை அங்கே நிறைவடைந்துவிட்டது, அதன் பிறகு வருவதெல்லாம் விளைவு. பாதிக் கதைக்கு முழு விருது கொடுக்கப் பலருக்குக் கை வராது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையிலும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் மூன்றாம் பாகத்துக்குத்தானே கிடைத்தது?

மற்றது, புதுமை பழகிவிட்டது. அந்த இரண்டு ஆஸ்கர் விழாக்களுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ‘த மிட்செல்ஸ் வெர்சஸ் த மெஷின்ஸ்’, ‘புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்’, ‘மியூட்டன்ட் மேஹெம்’ என்று பல படங்கள் அந்தப் பேனாக் கோடுகளையும் தூரிகைத் தடத்தையும் குறைந்த ஃபிரேம் அசைவையும் எடுத்துக்கொண்டன. முதல் பாகம் திறந்துவிட்ட கதவு வழியாக எல்லோரும் வந்துவிட்டதால், இரண்டாம் பாகம் கூட்டத்தில் ஒருவராக, மிகச் சிறந்த ஒருவராகத்தான் என்றாலும், நின்றது.

மியாசாகியின் பெயர் மட்டுமா என்று கேட்டீர்கள். ‘ஸ்பிரிட்டட் அவே’ 2003இல் வென்ற பிறகு, கையால் வரைந்த படம் ஒன்று இந்தப் பிரிவில் மீண்டும் வென்றது 2024இல்தான், அதுவும் அதே மனிதர் எடுத்து, தம் 83 வயதில் வென்ற படம். பெயருக்கு எடை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் படத்தைப் பாருங்கள்: தாயை இழந்த சிறுவன் ஒருவன் தன் துக்கத்துக்குள் இறங்கி வெளியே வரும் கதை அது, தொடங்கி முடிகிறது. அதனிடம் தோற்றதில் ‘அக்ராஸ்’ ரசிகனான எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

எனக்குக் கோபம் வேறோரிடத்தில் இருக்கிறது. 2019இல் ‘இன்டு’ படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவில் முழு அனிமேஷன் படங்கள் பரிந்துரை பெற்றதே அரிது. ‘த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’, ‘குபோ அண்ட் த டூ ஸ்ட்ரிங்ஸ்’ ஆகிய இரண்டு பொம்மை அசைவுப் படங்கள்தான் (பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தவை) நினைவுக்கு வருகின்றன. மசிக்கறை மேலே விளக்கிய அத்தனை வேலையும் கணினியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை, ஆனால் அனிமேஷன் என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

மூன்றாம் பாகமான ‘பியாண்ட்’ முதலில் 2024 மார்ச்சில் வருவதாக இருந்தது, இப்போது 2027 என்கிறார்கள். அந்த முனகலுக்குப் பதில் கிடைத்த பிறகு இதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள், வருகிறேன்.