கீழ்வாலை பாறை ஓவியப் படங்களில் காவி தெளியவில்லை, வழி சொல்லுங்கள்

கடந்த ஞாயிறு புதுச்சேரியிலிருந்து குழுவாகக் கிளம்பி, விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையிலுள்ள கீழ்வாலைக்கு நடைப்பயணம் போய் வந்தோம். அங்குள்ள செங்காவி ஓவியங்கள் நான் எடுத்த படங்களில் பாறையோடு கரைந்து கிடக்கின்றன. பறவை முகத்தோடு விலங்கின் மேல் அமர்ந்திருப்பவர் நேரில் எவ்வளவு அழகாகத் தெரிகிறார்! திரையில் மங்கிய கறை மட்டுமே.

கேமரா நிக்கான் டி5600, 18-55 லென்ஸ், ஜேபெக் கோப்புகள். உச்சிவெயிலுக்கு முன், நிழலில் எடுத்தவை. வண்ணச் செறிவைக் கூட்டினேன். பாறையும் சேர்ந்து சிவந்தது. மங்கிய பாறை ஓவியங்களின் நிறத்தை எடுத்துக்காட்டும் டிஸ்ட்ரெட்ச் மென்பொருளில் எல்ஆர்இ, ஒய்ஆர்இ என்ற வண்ண அமைப்புகள் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். விலங்கின் முதுகுக்கோடு எழுந்து வந்தது. ஆனால் பக்கத்திலுள்ள இரும்புக் கறையும் அதே சிவப்பில் பரவியதால், கால்கள் எங்கே முடிகின்றன என்றே புரியவில்லை. தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரியும் என்றார் ஒருவர். அதை மட்டும் செய்யவே மாட்டோம், ஓவியம் கெட்டுவிடும்.

பொங்கல் விடுமுறையில் மீண்டும் போகிறோம். காவியையும் இரும்புக் கறையையும் பிரித்துக் காட்ட, இந்தக் கேமராவில் எப்படிப் படம் எடுக்க வேண்டும்?