குன்னூருக்குப் புதிது, பழக ஆள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து குன்னூருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். பெண், வயது 26. தேயிலைக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. வேலை பிடித்திருக்கிறது, கூட இருப்பவர்களும் அன்பானவர்கள். ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் அருவங்காடு, வெலிங்டன், கோத்தகிரி என்று அவரவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். பெட்போர்டு பக்கம் என் அறைக்கு ஏறி வந்துவிட்டால் மறுநாள் காலைவரை பேச ஆளில்லை. மதுரையில் நடுராத்திரியிலும் தெருவில் நடமாட்டம் இருக்கும். இங்கே எட்டு மணிக்கே அடங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சிம்ஸ் பூங்கா பக்கம் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள், ஷட்டில் ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி நீலகிரி நூலகத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், இங்கிருந்து போய்வருவது சரிப்படுமா என்று சொன்னால் நல்லது. அலுவலகத்தில் பலர் தங்களுக்குள் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறார்கள். எனக்கும் பேச ரொம்ப ஆசை. பொறுமையாகச் சொல்லித்தர ஒரு அக்காவோ பாட்டியோ கிடைத்தால் போதும்.

அப்புறம் துணி. கொடியில் நாள்கணக்காகக் கிடந்தும் சுடிதாரின் தையல் ஓரம் ஈரமாகவே இருக்கிறது, தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்துவிட்டது. ஐப்பசி மழை குன்னூர்ப் பக்கம் இன்னும் பலமாக இருக்கும் என்கிறார்கள். அறைக்குள் துணி காயவைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் தீபாவளிக்கு ஊர் போகக் கோத்தகிரி வழிதானா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.