அலாஸ்கா: ஹிக்கல், ஹால் ரோடு, டால்டன் மூன்றும் ஒரே சாலைதானா?

கேள்வி:
அலாஸ்கா எண்ணெய்க் குழாய் பற்றிய கட்டுரைக்காகப் பழைய வரைபடங்களை கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறேன். 1969இல் ஹிக்கல் நெடுஞ்சாலை, எழுபதுகளில் ஹால் ரோடு (Haul Road, சரக்கு லாரிச் சாலை), இப்போது டால்டன் நெடுஞ்சாலை. பாதி வழியில் கோடு விலகிவிடுகிறது. தூரமும் ஒரு இடத்தில் 414 மைல், இன்னொரு இடத்தில் 498. எதை நம்புவது?

பதில் 1:
ஹிக்கலைத் தனி லேயராகப் பிரிச்சிடுங்க, அது வேற தடம். ஆளுநர் வால்டர் ஹிக்கல் காலத்தில், 1968-69 குளிர்காலத்தில், லிவன்குட் என்ற ஊரிலிருந்து வடக்கே புல்டோசர் விட்டு இழுத்த பனிக்காலப் பாதை. அனக்டூவுக் கணவாய் வழியாகப் போனது. டால்டன் அதற்குக் கிழக்கே, அடிகன் கணவாய் வழியாகப் போகிறது. உங்க கோடு விலகுறது அங்கதான். மேல்பாசியை வழித்தெடுத்ததால் அடியில் உறைந்திருந்த மண் கோடையில் இளகி, பாதை வாய்க்காலாயிடுச்சு. ‘ஹிக்கல் கால்வாய்’னு கேலி பேசினதுக்குக் காரணம் இருக்கு.

ஹால் ரோடும் டால்டனும் ஒன்றுதான். லிவன்குட் முதல் யூகான் ஆறு வரை 1969-70இல் போட்டது. ஆற்றுக்கு வடக்கே உள்ளது 1974இல், 154 நாளில். இந்த முறை மண்ணைத் தோண்டாமல் மேலேயே சரளையைக் கனமாகக் கொட்டினாங்க, அதனால் குளிர் உள்ளேயே நின்றது. ஜேம்ஸ் டால்டன் என்ற பொறியாளரின் பெயர் வைத்தது 1981இல். அந்த ஆண்டு பொதுமக்களை 211ஆம் மைல் வரைதான் விட்டாங்க. முழுச் சாலையும் திறந்தது 1994இல்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். அப்படின்னா ‘ஹால் ரோடு’ன்னு இருந்தால் 1981க்கு முந்தைய தாள்னு வெச்சுக்கலாமா?

பதில் 1:
கூடாது. லாரிக்காரங்க இன்னிக்கும் ஹால் ரோடுன்னுதான் சொல்றாங்க. யூகான் பாலம் இருக்கான்னு பாருங்க. அது 1975இல் வந்தது, இருந்தால் தாள் அதற்கு முந்தையது இல்லை.

பதில் 2:
தூரக் கணக்கு: ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ஃபாக்ஸ் வரை 11 மைல், எலியட் நெடுஞ்சாலையில் 73, பிறகு டால்டன் சுழியத்திலிருந்து தொடங்கி வடக்கு முனையிலுள்ள டெட்ஹார்ஸ் வரை 414. கூட்டினால் 498. இரண்டுமே சரி, தொடங்குற இடம்தான் வேற.

பொருத்தும்போது யூகான் பாலம் 56, ஆர்க்டிக் வட்டம் 115, கோல்டுஃபுட் 175, அடிகன் கணவாய் 244 ஆகிய மைல்களை ஆணியடிச்சு நிறுத்துங்க. குழாய் நிறுவனத் தாள்களில் இருக்கும் மைல் எண்ணை மட்டும் இதோடு கலக்காதீங்க. அது வடக்கே புரூடோ விரிகுடாவில் 0, தெற்கே வால்டீஸில் 800னு தலைகீழாக ஓடும்.