வாசலில் மாட்டிய மலர் வளையம்: உங்களுக்கு நடந்தது என்ன?

நெல்லைமகள்
போன டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறு. சென்னையில் அடுக்குமாடி வீடு. துணி மாட்டும் பழைய கம்பியை வளைத்து, சவுக்குத் தழையை வாழைநாரால் சுற்றி, சிவப்பு ரோஜாவும் வாடாமல்லியும் வைத்துக் கட்டிக் கதவில் மாட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது.

சாயங்காலம் வெளியே ஏதோ அரவம். திறந்தால் எதிர்வீட்டுப் பாட்டி. செருப்பைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். "எப்போம்மா? காலையிலகூட இருமல் சத்தம் கேட்டுச்சே" என்றார். அம்மா உள்ளே ஹாலில்தான் படுத்திருந்தாள். படுக்கையில் விழுந்து எட்டு மாதம். அந்தக் கேள்வி அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

காவிரிக்கரை
பாட்டி மேல் தப்பே இல்லை. நம் ஊரில் வளையம் என்றால் ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு கடைத் திறப்பு விழா. வெளியூர் நண்பர் பூக்கடைக்குப் போன் போட்டு "ரவுண்டா, பெரிசா" என்று சொல்லிவிட்டார். வந்து இறங்கியது வளையம். கடைக்கார அண்ணன் அதை வாசல்படி ஏற விடவில்லை. கொண்டுவந்த பையன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாவிலையும் நிலைமாலையும் இருக்கும்போது வளையம் எதற்கு? கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுங்கள், அது நம் ஊர் வழக்கம்.

பனிநாட்டுப் பிள்ளை
காவிரிக்கரை அண்ணா, நீங்கள் சொல்வது பாதிதான் சரி. நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ. அம்மா இங்கே வந்த முதல் டிசம்பர், விமான நிலையத்திலிருந்து காரில் வருகிறோம். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "என்ன பிள்ளை, இந்த றோட்டிலை இத்தனை செத்தவீடோ?" வரிசையாக எல்லாக் கதவிலும் வளையம். அந்தப் பிடியை என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் தோரணம் மட்டும் என்ன? எங்கள் ஊரில் அதே குருத்தோலைதான். ஓலையை மடித்துச் செய்யும் குருவித் தலை மேலே பார்த்தால் கல்யாண வீடு, கீழே பார்த்தால் செத்தவீடு. அதற்காகத் தோரணமே வேண்டாம் என்கிறோமா? இங்கேயும் நவம்பர் 11 அன்று போரில் இறந்தவர்களின் நினைவுத் தூணில் வளையம் வைக்கிறார்கள், அடுத்த மாதமே கதவில் மாட்டுகிறார்கள். ஒரே வடிவம்தான், இடமும் நாளும்தான் அர்த்தத்தை மாற்றுகின்றன.

பூக்காரர் வீட்டுப் பெண்
என் அனுபவம் சின்னது: பொங்கலுக்குச் செய்த வளையம் மதியத்துக்குள் தலை தொங்கிவிட்டது, வந்த நாத்தனார் அதைத்தான் முதலில் பார்த்தார்.

நெல்லைமகள், அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பூ செருக ஓயாசிஸ் என்று விற்கும் பச்சைக் கட்டி வாங்கினால் அதைத் தண்ணீரில் அழுத்தாதீர்கள். மேலே மிதக்க விடுங்கள், தானே குடித்துக்கொண்டு இறங்கும். அழுத்தினால் நடுவில் காற்று தங்கி அந்த இடத்துப் பூ மட்டும் சீக்கிரம் வாடும். நனைந்தால் நல்ல கனம், அதனால் மெல்லிய கயிறு போதாது. ஆனால் அந்தக் கட்டி மக்காது என்பதால் எனக்கு வாழைநார்தான் பிடிக்கும், நாரை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முடிச்சுப் போடும்போது அறுந்துவிடும். வாடாமல்லி காய்ந்தாலும் நிறம் போகாது, அதை நிறைய வையுங்கள். செவ்வந்தியும் தாங்கும். வெள்ளைச் சம்பங்கியை வட்டத்தில் வைத்தால் சாவு நினைவுதான் வரும், தவிர்த்துவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் அரளி வேண்டவே வேண்டாம், இலை முதல் விதை வரை விஷம். மேற்குப் பார்த்த கதவு என்றால் மூன்று மணிக்குமேல் உள்ளே எடுத்துவிடுங்கள்.

நெல்லைமகள்
அக்கா, குறிப்புகளுக்கு நன்றி. ஆனால் பூ வாடியது என் கவலை இல்லை.

அன்றைக்கு ராத்திரியே கழற்றி பால்கனியில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை கஞ்சி கொடுக்கும்போது அம்மா கேட்டாள், "ஏன் எடுத்திட்ட?" எனக்குப் பதில் வரவில்லை. வாயைத் துடைத்துவிட்டேன். "வாசல்ல வேண்டாம்னா இங்க ஜன்னல்ல மாட்டு. ராத்திரி பூரா எனக்கு அந்தச் சவுக்கு வாசனை வந்துச்சு" என்றாள். மாட்டினேன். தழை பழுப்பாகி உதிரும் வரை, பொங்கல் தாண்டியும், அங்கேயே இருந்தது.