கிரேக்கப் புராணம் நினைவுக்கு வந்த ஆபீஸ் சம்பவம் இருந்தா சொல்லுங்க

கமிட்_குமரன்:
பேமெண்ட் மாட்யூல். கோடுல ஒரு பக்கை, அதாவது பிழையை, சரி பண்ணினா ரெண்டு முளைக்கும். ஹெர்குலிஸ் ஒரு தலையை வெட்டினா ரெண்டு முளைச்ச ஹைட்ரா பாம்புக் கதைதான். எங்க டெஸ்டர் ஒருத்தங்க ஒவ்வொரு ஃபிக்ஸுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிட்டே வந்தாங்க, அதே பக் திரும்பி வரவே முடியாதபடி. தலையை வெட்டினது நாங்க. திரும்ப முளைக்காம வெட்டின கழுத்தைத் தீயால சுட்ட இயோலாஸ், ஹெர்குலிஸோட உதவியாள், அவங்கதான். ரிலீஸ் அன்னைக்குப் பாராட்டு மெயில்ல அவங்க பேரே இல்ல. மேலயும் கீழயும் ஸ்க்ரோல் பண்ணித் தேடிட்டு, லேப்டாப்பை மூடிட்டாங்க. அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

இரவு_ஷிஃப்ட்:
@கமிட்_குமரன் புராணத்துலயும் அதே அநியாயம்தான். இயோலாஸ் உதவினதால ஹைட்ரா வதத்தைக் கணக்குலயே சேர்க்க மாட்டேன்னுட்டான், ஹெர்குலிஸுக்கு அந்த வேலைகளைக் கொடுத்த ராஜா யூரிஸ்தியஸ்.

நான் பார்த்தது கஸாண்ட்ராவை, வரப்போறதைச் சொல்லியும் யாரும் நம்பாத டிராய் இளவரசியை. டிஸ்க் நிரம்பப் போகுதுன்னு சீனியர் ஒருத்தர் தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்ல விடாம சொன்னார். "அடுத்த ஸ்பிரிண்ட்ல பார்க்கலாம்"னாங்க. ஒரு ராத்திரி டேட்டாபேஸ் நின்னுடுச்சு. எல்லாரும் கால்ல கத்திட்டு இருக்க, அவர் மட்டும் நிதானமா எந்த லாகை முதல்ல அழிக்கணும்னு வரிசையா சொன்னார். "அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு வார்த்தை இல்ல.

ஸ்டேக்_மணி:
எங்க டீம்லயும் இப்படி ஒருத்தர் இருந்தார், கடைசில வேலையை விட்டுட்டார். @இரவு_ஷிஃப்ட், வாயால சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. டிக்கெட் போடுங்க. டிஸ்க் எந்தத் தேதியில நிரம்பும்னு கிராஃப் போட்டு ஒட்டுங்க. எண்பது சதவீதத்துல அலர்ட் வைங்க, அதை மேனேஜர் போனுக்கும் அனுப்புங்க. நின்னா மணிக்கு எவ்வளவு நஷ்டம்னு எழுதுங்க. கஸாண்ட்ரா தெளிவா சொல்லியிருந்தா டிராய் தப்பிச்சிருக்கும்.

மாலுமி:
@ஸ்டேக்_மணி, இதை என்னால ஒத்துக்க முடியல. கி.மு. 458-ல அரங்கேறின கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸோட நாடகத்துல, ராஜா அகமெம்னான் சாவைப் பார்க்கப் போறீங்கன்னு கஸாண்ட்ரா பேரைச் சொல்லியே சொல்றா. அப்பவும் சுத்தி நிக்கிற பெரியவங்களுக்கு ஏறல. அவ வாக்கை யாரும் நம்பக் கூடாதுங்கிறதுதான் அப்பல்லோ விட்ட சாபம். கேட்காதவங்களை விட்டுட்டு சொன்னவங்க மேல பழி போடாதீங்க.

என்னை உலுக்கினது 2024 மார்ச்ல வந்த எக்ஸ்இசட் விவகாரம். லினக்ஸ்ல ஃபைலைச் சுருக்குற டூல் அது. ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவனா கோடு அனுப்பி நம்பிக்கை சம்பாதிச்ச ஒரு ஆள், உள்ள பின்வாசல் வெச்சிருந்தான். வீரர்களை உள்ள ஒளிச்சு வெச்ச டிராய் குதிரையேதான். தூரத்து சர்வருக்குள்ள நுழையிற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் கூடுதலா எடுக்குதேன்னு ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட்ங்கிற இன்ஜினியர் தோண்டப் போய்தான் மாட்டுச்சு. டிராய் பூசாரி லாவோகூன் சந்தேகப்பட்டு ஈட்டியை எறிஞ்சப்ப குதிரை வயித்துல கேட்ட அந்த வெற்று ஓசை, எனக்கு அந்த அரை செகண்ட்தான். படிச்ச ராத்திரியே எங்க சர்வர்கள்ல அந்தப் பின்வாசல் இருந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன் இருக்கான்னு ஒவ்வொண்ணா தேடினோம். இல்ல. ஆனா எங்க பில்ட்ல யாரோட கோடெல்லாம் வருதுன்னு கேட்டப்ப, டீம்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல. இப்பதான் அந்தப் பட்டியலை எழுத ஆரம்பிச்சிருக்கோம்.